லயத்தின் அளவும் வீட்டின் அளவும்: பெரகலப் பகுதித் தோட்டக் குடியிருப்புகளின் கூரைமரம் பற்றி ஒரு நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வீட்டுப் பிரச்சினை குறித்து இதுவரை எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் குடியுரிமை, காணியுரிமை, கூலி ஆகிய மூன்றன் வழியாகவே அதனை அணுகியுள்ளன. அது பொருத்தமான அணுகுமுறையே. ஆயினும் வீடு என்பது கல்லாலும் மரத்தாலும் தகரத்தாலும் அமையும் ஒரு பௌதிகப் பொருள். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவை வகுத்தவர் யார், அதைக் காப்பவர் யார், அது குறையுமிடத்து இழப்பைத் தாங்குபவர் யார் என்னும் வினாக்களும் சமூகவியல் வினாக்களே. பெரகலயைச் சூழ்ந்த தோட்டங்களை முன்னிறுத்தி, கூரைமரத்தின் அளவு என்னும் சிறியதொரு பொருளின் ஊடாக இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பு தமிழிலக்கிய மாணவருக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் அரசனுடைய அரண்மனையை அமைக்குமுன், நிழல் சாயாத நண்பகற் பொழுதில் திசையறிந்து நூலிட்டு நிலம் வகுக்கும் வல்லுநரைக் காண்கின்றோம். பிற்கால மனையடி நூல்கள் இன்னின்ன அடி நன்மை தரும், இன்னின்ன அடி தீமை தரும் எனப் பட்டியலிட்டன. அவற்றின் பலன்களை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டின் அளவு அதில் வாழ்வோனின் நலனோடு தொடர்புடையது என்ற உணர்வு அவற்றில் உண்டு. தோட்டத்து லயத்தை வகுத்தவர்களிடம் அந்த உணர்வு இருக்கவில்லை. அங்கு அளவு, உழைப்பைக் குறைந்த செலவில் ஓரிடத்தில் நிறுத்திவைப்பதற்கான கணக்காயிற்று.

1. லயத்தின் அளவு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, அல்துமுல்லை வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகலயில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கமாகப் பதுளையை நோக்கி ஏறுகின்றது. மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இச்சந்தியைச் சுற்றி மத்திய மலைநாட்டின் தென்சரிவில் அமைந்த தோட்டங்கள், முதலிற் கோப்பியாலும் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையாலும் உருப்பெற்றவை. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கென இங்கு எழுந்தவை லயங்களாகும்.

ஒரே நீண்ட கூரையின் கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாக, அமைந்த காம்பராக்களே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது காம்பராவின் பரவலாக அறியப்பட்ட அளவு. அதாவது 120 சதுர அடி. ஒரு குடும்பத்தின் உறக்கமும் சமையலும் பிள்ளைப்பேறும் பிணியும் அதற்குள் அடங்கவேண்டியிருந்தன. 1912ஆம் ஆண்டின் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டம் போன்றவை லயங்களின் சுகாதார நிலையை அரச மேற்பார்வைக்குக் கொண்டுவந்தன. ஆயினும் லயத்தின் அடிப்படை வடிவம் மாறவில்லை.

இவ்வளவு மரத்தின் கணக்கோடும் பொருந்துவதை இங்கு கவனித்தல் வேண்டும். கூரையைத் தாங்கும் மரம் எவ்வளவு தூரத்தைத் தாண்டி நிற்கவேண்டுமோ அவ்வளவுக்கு அது பருமனாதல் வேண்டும். சீராகப் பாரம் ஏற்ற ஒரு மரம் பத்தடியைத் தாண்டுவதற்குப் பதிலாகப் பன்னிரண்டடியைத் தாண்டுமாயின், அதன் மீதுள்ள வளைவுவிசை நூற்றுக்கு 44 வீதம் கூடுகின்றது. அது தொய்யும் அளவோ இரண்டு மடங்கைத் தாண்டுகின்றது. எனவே குறுகிய காம்பரா என்பது மெல்லிய மரம் என்பதாகும். மெல்லிய மரம் என்பது மலிந்த லயம் என்பதாகும். குடியிருப்போனின் தேவை இக்கணக்கில் இடம்பெறவில்லை.

2. மரத்தின் கணக்கு

கூரைமரத்தின் அளவைப் பற்றிய பேச்சில் ‘நாலுக்கு இரண்டு’, ‘மூன்றுக்கு இரண்டு’, ‘இரண்டுக்கு ஒன்று’ என்னும் தொடர்களை மரக்காலையிலும் கட்டடத் தலத்திலும் நாள்தோறும் கேட்கலாம். சுவரின் மேல் கிடக்கும் சுவர்த்தட்டு, அதிலிருந்து முகட்டுக்கு ஏறும் கைமரம், கைமரங்களின் மீது குறுக்காக ஓடி ஓட்டையோ தகரத்தையோ தாங்கும் ரீப்பை என ஒவ்வொன்றுக்கும் வீட்டுப்படத்தில் அளவு குறிக்கப்படும். சிறிய வீடுகளிற் கைமரத்துக்கு நாலுக்கு இரண்டு அங்குலமும் ஓட்டு ரீப்பைக்கு இரண்டுக்கு ஒன்றும் இலங்கையில் வழக்கமானவை. இவை பழக்கத்தால் வந்த எண்கள் மட்டுமல்ல. இவற்றின் பின்னே உறுதியான ஓர் அறிவியல் விதி உண்டு.

வளைவை எதிர்க்கும் ஒரு மரத்தின் வலிமை அதன் தடிப்போடு நேராகவும், உயரத்தின் வர்க்கத்தோடும் கூடுகின்றது. தொய்யாமல் நிற்கும் விறைப்போ உயரத்தின் கனத்தோடு கூடுகின்றது. ஒரே பலகை படுத்திருக்கும்போது எளிதில் முறிவதும் விளிம்பில் நிறுத்தும்போது பெரும் பாரத்தைத் தாங்குவதும் ஏன் என்னும் வினாவை 1638இல் வெளிவந்த தமது இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலிற் கலிலியோ ஆராய்ந்தார். அவருடைய கணிப்பு பின்வந்தோராற் சில இடங்களில் திருத்தப்பட்டது. ஆயினும் உயரத்தின் வர்க்கம் என்ற அடிப்படை உறவு நிலைத்து நின்றது.

இவ்விதியைச் சாதாரண எண்களில் வைத்துப் பார்ப்போம். நாலுக்கு இரண்டு கைமரத்தை நாலங்குலப் பக்கம் உயரமாக நிறுத்தினால் வலிமைக்குரிய எண் 2 × 4 × 4 = 32; விறைப்புக்குரிய எண் 2 × 4 × 4 × 4 = 128. அதனிடத்தில் மூன்றுக்கு இரண்டை வைத்தால் இவ்வெண்கள் முறையே 18, 54 ஆகின்றன. மரத்தில் மிச்சம் பிடிக்கப்பட்டது நூற்றுக்கு 25 வீதம். வலிமையில் இழக்கப்பட்டது 44 வீதம். விறைப்பில் இழக்கப்பட்டது 58 வீதம். அதே நாலுக்கு இரண்டு மரத்தை ஒரு சிராயும் குறைக்காமல், ஆனால் படுக்கவைத்துப் பொருத்தினால் வலிமை 16ஆகவும் விறைப்பு 32ஆகவும் விழுகின்றன. முன்னது பாதி, பின்னது காற்பங்கு. மாறாக ஓரங்குலம் கூட்டி ஐந்துக்கு இரண்டு ஆக்கினால் மரம் 25 வீதமே கூடுகின்றது. வலிமை 56 வீதம் கூடுகின்றது.

அளவு முழுதாக மாறவேண்டிய அவசியமும் இல்லை. நாலுக்கு இரண்டு என விற்கப்படும் மரம் உண்மையில் மூன்றே முக்காலுக்கு ஒன்றே முக்கால் எனக் கொள்வோம். கண்ணுக்கு இவ்வேறுபாடு தெரியாது. அங்கே மரம் 18 வீதம் குறைந்துள்ளது. கூரையின் வலிமை 23 வீதமும் விறைப்பு 28 வீதமும் குறைந்துள்ளன. கால் அங்குலம் என்பது ஏறத்தாழக் காற்பங்கு வீடு என்று கூறின் அது மிகையாகாது.

பெயரளவும் மெய்யளவும் வேறுபடுவது நமது நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. மரச்சட்டங்களாலேயே வீட்டின் சுவரையும் கூரையையும் எழுப்பும் அமெரிக்காவில் ‘இரண்டுக்கு நாலு’ எனப்படும் மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலமே. 1924இல் அங்கு மர அளவுகளுக்கு முதலாவது தேசிய நியமம் வகுக்கப்பட்டது. உலர்த்துவதிலும் இழைப்பதிலும் குறையும் அளவு எவ்வளவு என்பது பற்றி மர உற்பத்தியாளரிடையே நீண்ட இழுபறி நிகழ்ந்தது. இன்றைய அளவு 1970ஆம் ஆண்டின் நியமத்தில் உறுதியாயிற்று. பெயரளவு மரத்தோடு ஒப்பிடின் இதன் வலிமை 57 வீதமே. ஆயின் அங்கு வீட்டுப்படமும் கட்டடச் சட்டமும் இம்மெய்யளவை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்படுகின்றன. குறைந்த அளவு எல்லோரும் அறிந்த அளவாக இருக்கின்றது. கேடு விளைவிப்பது குறைவு மறைந்திருக்கும் நிலையே.

3. படத்திலிருந்து சுவர்த்தட்டு வரை

படத்தில் எழுதப்பட்ட அளவு கூரையைச் சென்றடையுமுன் பல கைகளைக் கடக்கின்றது. அதன் பயணத்தில் நான்கு இடங்களை நாம் சிறப்பாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது மொழிபெயர்ப்பு. படம் மில்லிமீற்றரிற் பேசுகின்றது; மரக்காலை அங்குலத்திற் பேசுகின்றது. 100க்கு 50 என்பது நாலுக்கு இரண்டு என இருவருக்கும் தெரிந்திருந்தாற் சிக்கல் இல்லை. வீட்டுக்குரியவர் இவ்விரு மொழிகளையும் அறியாதவராயின் இடைநின்று பேசுவோர் சொல்வதே அளவாகிவிடும்.

இரண்டாவது மரத்தின் இயல்பு. தோட்டப் பகுதியில் எளிதிற் கிடைப்பவை தேயிலைக்கு நிழலாக நடப்பட்ட சவுக்கும், விறகுக்கும் கம்பத்துக்கும் வளர்க்கப்பட்ட யூக்கலிப்டசும், அரச வனங்களின் பைன் மரமுமாகும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வலிமை இல்லை. வெட்டிய சூட்டோடு அரிந்த பச்சைமரம் உலரும்போது அகலத்திலும் தடிப்பிலும் சுருங்குகின்றது, முறுகுகின்றது. பச்சையாக அளந்து வாங்கிய நாலங்குலம் கூரையேறிய சில மாதங்களில் நாலங்குலமாக இராது. பச்சைமரத்தில் அறைந்த ஆணியும் மரம் உலர உலரத் தன் பிடியை இழக்கின்றது. வைரம் பாய்ந்த பகுதிக்கும் வெளிப்புற வெண்பகுதிக்கும் கறையானை எதிர்க்கும் ஆற்றலில் உள்ள வேறுபாடும் இங்கு சேர்த்தெண்ணத்தக்கது.

மூன்றாவது வெட்டு. கைமரம் சுவர்த்தட்டின் மீது பொருந்தி இருப்பதற்காகத் தச்சர் அதில் ஒரு கொத்துக் கொத்துவர். அது உயரத்தில் மூன்றிலொரு பங்கை மீறலாகாது என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் விதி. நாலங்குல மரத்தில் இரண்டங்குலம் வெட்டப்படுமாயின், அவ்விடத்தில் நிற்பது இரண்டங்குல மரமே. விலை கொடுத்து வாங்கிய அளவு உளியின் கீழ் மறைந்துபோகின்றது.

நான்காவது இடைவெளி. இரண்டடிக்கு ஒன்றாக நிற்கவேண்டிய கைமரங்கள் மூன்றடிக்கு ஒன்றாக நின்றால் ஒவ்வொன்றும் ஒன்றரைப் பங்கு பாரத்தைச் சுமக்கும். இதைத் திருப்பியும் நோக்கலாம். நாலுக்கு இரண்டு கிடைக்கவே இல்லையாயின் மூன்றுக்கு இரண்டைப் பயன்படுத்த வழியுண்டு. ஆனால் 24 அங்குல இடைவெளியை வலிமையின் பொருட்டு 13 அங்குலத்துக்கும், தொய்யாதிருக்கும் பொருட்டு 10 அங்குலத்துக்கும் குறைத்தல் வேண்டும். அப்போது மிச்சம் என எண்ணியது மிச்சமாகாது. குறித்த அளவைப் பின்பற்றுதல் குருட்டுக் கீழ்ப்படிதல் அன்று என்பதும் இதனாற் பெறப்படும். அளவை மாற்றலாம், மாற்றுவோர் அதன் விளைவைக் கணித்து, வீட்டுக்குரியவர் அறிய எழுதிவைத்து மாற்றுதல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. அனுபவம் மிக்க தச்சுவேலை பாஸ்மார் பலர் இக்கணக்கைக் கையுணர்வால் அறிந்தவர்களே. அவர்களுடைய அறிவுக்கும் பொறியியலாளரின் கணக்குக்கும் பகையில்லை. பகை இவ்விரண்டுக்கும், அவசரத்துக்கும் இலாபத்துக்கும் இடையிலேயே உள்ளது.

4. காற்றும் மலையும்

தகரம் பாரமற்றது, ஆகவே அதற்கு மெல்லிய மரம் போதும் என்னும் கருத்து பரவலாக உண்டு. அது பாதி உண்மை. ஓட்டின் பாரத்தோடு ஒப்பிடும்போது தகரத்தின் பாரம் சிறிதே. ஆயின் பெரகலப் பகுதியிற் கூரையின் பகைவன் மேலிருந்து அழுத்தும் பாரம் மட்டுமன்று. தென்மேற்குப் பருவத்தில், குறிப்பாக ஆனி முதல் ஆவணி வரை, அப்புத்தளைக் கணவாய்களின் ஊடாக ஊவாவினுள் நுழையும் கச்சான் காற்று மழையைப் பெரும்பாலும் மறுபுறத்தே விட்டு உலர்ந்து வீசுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தையும் விலையையும் தேடித்தருவது இவ்வுலர் காற்றே. அக்காற்றுத்தான் தேயிலை பறிப்போரின் கூரையைத் தூக்குகின்றது.

சாய்ந்த தகரக் கூரையின் மீது காற்று விரைந்து செல்லும்போது கூரையை மேல்நோக்கி இழுக்கும் விசை எழுகின்றது. பாரமான ஓட்டுக்கூரை தன் எடையால் இதை ஓரளவு எதிர்க்கும். தகரக்கூரைக்கு அவ்வெடை இல்லை. அதனை நிலத்தோடு பிணைப்பவை ஆணியும் மரமும் சுவருமே. ஆணியின் பிடி அது மரத்தினுள் இறங்கிய நீளத்தைப் பொறுத்தது. இரண்டுக்கு ஒன்று ரீப்பையைப் படுக்கவைத்தால் ஆணிக்கு ஓரங்குல மரமே கிடைக்கும். மூன்றுக்கு இரண்டை நிறுத்திவைத்தால் மூன்றங்குலம் வரை கிடைக்கும். ரீப்பை கைமரத்தோடும், கைமரம் சுவர்த்தட்டோடும், சுவர்த்தட்டு இரும்புப் பட்டியால் சுவரோடும் பிணைக்கப்படாவிடின் இச்சங்கிலியின் மிக மெலிந்த கண்ணியே முழுக் கூரையின் வலிமையாகும். பழைய லயங்களின் தகரங்களின் மேற் கல்லும் மண்மூட்டையும் பழைய டயரும் ஏற்றிவைக்கப்பட்டிருப்பதை மலையகத்திற் பயணஞ் செய்தோர் யாவரும் கண்டிருப்பர். மரத்தாலும் ஆணியாலும் நிறைவேறாத வேலையைக் குடியிருப்போர் கல்லாற் செய்துகொண்டதன் அடையாளங்கள் அவை.

கூரைமரம் எவ்வளவு உறுதியாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பெரகலைக்கு அண்மையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மூடியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையாலும் மண்சரிவுகளாலும் பதுளை மாவட்டம் மீண்டும் பேரிழப்பைச் சந்தித்தது. எனவே ஒரு வீட்டின் முதலாவது அளவு நிலத்தைப் பற்றியதாகும்: சரிவு எவ்வளவு, மழைநீர் எவ்வழியே ஓடும், மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பவை கைமரத்தின் அங்குலத்துக்கு முற்பட்ட அளவுகள். எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும் மக்கள் அவ்விடத்திலேயே வாழ நேர்ந்தமை, எழுதிய அளவு நடைமுறைக்கு வராமையின் மிகக் கொடிய வடிவம் எனலாம்.

5. அளவைக் கேட்கும் உரிமை

நகரத்திலோ கிராமத்திலோ வீடு கட்டுபவர் உள்ளூராட்சி மன்றத்திற் படத்தைக் கொடுத்து அனுமதி பெறுகின்றார். தோட்டத்தில் நிலைமை வேறு. லயம் தோட்டத்தின் உடைமை. அதைக் கட்டியதும் பழுதுபார்த்ததும் பாராது விட்டதும் நிர்வாகமே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறினரே தவிர, காம்பராவில் வாழ்வோர் தம் கூரையின் மரத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பும் உரிமையைப் பெறவில்லை. 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்குரிமையையும் இழந்து நின்ற மக்களுக்கு அவ்வினாவை எழுப்ப வேறு மன்றமும் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளைச் சபைகளின் பணியெல்லைக்குப் புறத்தே நிறுத்தியது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பிரதேச சபைத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் நீங்கின.

இப்பின்னணியிலேயே அண்மைக்கால வீடமைப்பு முயற்சிகளை மதிப்பிடுதல் வேண்டும். மீரியபெத்தை அனர்த்தத்தில் வீடிழந்தோருக்காக அயற் தோட்டக் காணியில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இற் கையளிக்கப்பட்டன. இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகளை அமைக்கும் திட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. மேலும் 10,000 வீடுகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடித் தனிவீடு என்பது இத்திட்டத்தின் அடிப்படை. 120 சதுர அடியிலிருந்து 550 சதுர அடிக்கு மாறுவது பரப்பளவில் நான்கரை மடங்குக்கு மேற்பட்ட வளர்ச்சி. எனினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

இப்புதிய வீட்டில் அளவு என்பது முதன்முறையாகக் குடியிருப்போருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியாகின்றது. லயத்தின் பத்தடி, ‘இதற்கு மேல் உனக்கில்லை’ என்றது. வீட்டுப்படத்தின் நாலங்குலக் கைமரம், ‘இதற்குக் கீழ் உனக்குத் தரலாகாது’ என்கின்றது. ஒன்று உச்ச எல்லை. மற்றையது அடி எல்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். ஆனால் அடி எல்லை தானாகவே காக்கப்படுவதில்லை. அதனை அறிந்தவர், அளந்து பார்ப்பவர், குறைந்தாற் கேட்பவர் இருத்தல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் அளவின் அரசியலை அறியாதவர் அல்லர். கொழுந்து நிறுக்கும் தராசின் முன் நாள்தோறும் நிற்கும் பெண், ஈரத்துக்கெனவும் சாக்குக்கெனவும் கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் தன் பேருக்கு எழுதப்படாத உழைப்பு என்பதை எந்த நூலையும் படியாமலே அறிந்தவள். அரைக் கிலோவுக்காகத் தராசடியில் வாதாடும் அதே விழிப்பு, மரம் லொறியிலிருந்து இறங்கும்போது கால் அங்குலத்துக்காகவும் எழுதல் இயலும். அதற்கு வேண்டியவை சிலவே. வீட்டுப்படமும் மர அளவுப் பட்டியலும் தமிழில், அங்குலத்திலும் மில்லிமீற்றரிலும், குடும்பத்தவர் கையிற் கொடுக்கப்படவேண்டும். பெண்களும் அமரும் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் அவை விளக்கப்படவேண்டும். மரம் கூரையேறுமுன் அளந்து பார்த்துக் கையொப்பமிடும் உரிமை அவ்வீட்டாருக்கு இருத்தல் வேண்டும். அளவு மாற்றப்படுமாயின் காரணமும் கணக்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகக் காணியின் உறுதிப் பத்திரம் அவர்கள் பெயரில் இருத்தல் வேண்டும். பிறருடைய வீட்டின் கைமரத்தை அளக்க எவருக்கும் துணிவு வராது.

நமது பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. பொறியியல் மாணவர் கணிக்கும் எண்ணும், தமிழ் மாணவர் திரட்டும் தச்சுத்தொழிற் சொல்லும், சமூகவியல் மாணவர் காணும் வாழ்க்கையும் ஒரே வீட்டைப் பற்றியனவே. சுவர்த்தட்டு, கைமரம், ரீப்பை என்னும் சொற்களோடு அவற்றின் அளவுகளையும் காரணங்களையும் எளிய தமிழில் எழுதி அல்துமுல்லை முதல் பதுளை வரையுள்ள தோட்டப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லுதல் நமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. ஐந்தாறு தலைமுறைகளாகப் பிறர் வகுத்த அளவுக்குள் வாழ்ந்த ஒரு சமூகம் தன் வீட்டின் அளவைத் தானே அளந்து ஏற்கும் நாளில், அவ்வீடு கூரையால் மட்டுமன்றி உரிமையாலும் மூடப்பெற்றதாகும்.